ஸ்பீட், கேப்டன்!

பிளேன் ஓட்டறவன் எதுக்குக் காரை எடுத்துக்கிட்டு பெங்களூரு போறான்னுதானே யோசிக்கிறீங்க, பாய்? கண்ணாடியில நீங்க பாத்ததை நானும் பாத்தேன். முதல்ல என் பையைப் பாத்தீங்க. அப்புறம் கொக்கியில மாட்டியிருக்கற சட்டையைப் பாத்தீங்க, தோள்ல நாலு தங்கப் பட்டை. அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தீங்க. வாயைத் திறந்து கேளுங்களேன், நான் என்ன கடிச்சா தின்னுடப் போறேன்.

ஆமா, பைலட்தான். கேப்டன் சுயம்புலிங்கம். ஆபீஸ்ல லிங்கம்னு கூப்பிடுவாங்க. நீங்க முபாரக்தானே, ஆப்ல பாத்தேன். சொந்த ஊரு? வாணியம்பாடியா? அட, அப்ப உங்க ஊரு வழியாத்தான் போறோம். நல்லதாப் போச்சு. ஏசியை மட்டும் கொஞ்சம் கூட்டுங்க, காலையிலயே இந்த வெயில் அடிக்குது.

பிளேன்ல போனா முக்கா மணி நேரம், ஒரு மணி நேரம். டிக்கெட்டு கம்பெனியே கொடுக்குது. ஆனா பின்னாடி சீட்டுல உக்காந்துதானே போகணும்? உள்ளே காலை வச்ச உடனே அந்தப் பொண்ணுங்க 'குட் மார்னிங் கேப்டன்'னு சொல்லும் பாருங்க, எழவு வீட்டுல காபி கொடுக்கற மாதிரி ஒரு குரல்ல. கேக்காமலேயே ரெண்டு முந்திரிப் பொட்டலம் கொண்டாந்து வைக்கும். முன்னாடி ஓட்டறவன் எனக்கு நேத்து வரைக்கும் சல்யூட் அடிச்சவனா இருப்பான். அவன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு 'வானிலை நன்றாக உள்ளது'ங்கறதை நான் பெல்ட்டைக் கட்டிக்கிட்டுக் கேக்கணுமா? போங்க பாய். ரயில்லயும் யாராவது தெரிஞ்சவன் வந்து தொலைவான். அதான் கார்.

மூணு மணிக்கு எங்க ஆபீஸ்ல ஒரு விசாரணை. விசாரணைன்னு சொன்னா கோபப்படறாங்க, 'சும்மா பேசப் போறோம்'னு சொல்லணுமாம். மேஜைக்கு அந்தப் பக்கம் மூணு பேர் உக்காந்துக்கிட்டு, இந்தப் பக்கம் ஒருத்தனை உக்கார வச்சா அதுக்குப் பேரு என்ன? நான் அங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். 'காதுல விழல.' அவ்வளவுதான். அதைச் சொல்லிட்டா கொஞ்ச நாள் டிரெயினிங், அப்புறம் பழையபடி என் சீட்டுல போய் உக்காந்துக்கலாம். சொல்லலைன்னா இனிமே அந்தப் பக்கமே வராதேன்னு அர்த்தம். ரிட்டயர் ஆக இன்னும் வருஷம் கெடக்கு எனக்கு. வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவேன்? எனக்கு வேற எதுவும் தெரியாது பாய். ஒரு வேட்டியை ஒழுங்கா மடிக்கக்கூடத் தெரியாது.

ஆனா அந்த வார்த்தை பொய்யில்ல? என் காதுல விழுந்துச்சு. விழுந்ததை விழலைன்னு எப்படிச் சொல்றது?

என்ன? ஸ்ரீபெரும்புதூர்ல டீயா? வேணாம் வேணாம், நேராப் போங்க. நான் சொல்லி முடிச்சிடறேன்.

நாக்பூர்லருந்து சென்னைக்கு வந்துக்கிட்டு இருந்தோம். வண்டி நிறைய ஜனம். எனக்குப் பக்கத்துல கோ-பைலட்டு ஒரு பொண்ணு, தாமரைச்செல்வின்னு பேரு, தர்மபுரிப் பக்கம் அரூரு. நல்ல பொண்ணுதான், நான் இல்லைங்கலை. ஆனா பேச்சே கிடையாது. நாம நாலு வார்த்தை பேசினா அது ஒரு 'யெஸ் கேப்டன்' சொல்லும். எதிர எதையோ பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். சின்ன வயசுல கலகலன்னு இருக்க வேணாமா? என்கூட வர்றவங்களுக்கு நான் எவ்வளவு விஷயம் சொல்வேன் தெரியுமா? நாலு மணி நேரம் பறந்தாலும் நாலு நிமிஷம் மாதிரிப் போயிடும்.

ஏலகிரிக்கு வண்டி ஏத்தியிருப்பீங்கல்ல? உங்க ஊருக்குப் பக்கத்துலதானே. சரி. ஆளும் லக்கேஜுமா ஏத்திக்கிட்டு மேல போறீங்க. ஆக்சிலேட்டரை அடி மட்டும் மிதிச்சாச்சு, இதுக்கு மேல இஞ்சின்கிட்ட ஒண்ணும் இல்லை. வேகம் குறையுது. என்ன பண்ணுவீங்க? கியரை இறக்கி மெதுவா உருட்டுவீங்க, வேற வழியில்லை, ஏன்னா மலையோட சரிவு உங்க கையில இல்லை. எங்களுக்கு அந்தச் சரிவும் எங்க கையிலதான் இருக்கு. மூக்கைக் கொஞ்சம் இறக்கினாப் போதும், மலையே சாஞ்சு கொடுத்துடும்.

ஆட்டோபைலட்டுன்னா என்னமோ ஒரு பூதம் உள்ளே உக்காந்து ஓட்டுதுன்னு ஜனங்க நினைக்கறாங்க. பூதமும் இல்லை ஒண்ணும் இல்லை. அதுகிட்ட இருக்கறது ரெண்டே சாமான். ஒண்ணு பிளேனோட மூக்கு, ஏத்தலாம், இறக்கலாம். இன்னொண்ணு இஞ்சின், கூட்டலாம், குறைக்கலாம். இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு எந்நேரமும் வேகத்துக்குக் காவல் இருக்கணும். பிளேனுக்கு வேகம்தான் உயிரு. வேகம் போச்சுன்னா றெக்கைக்கு வேலை இல்லை, அப்படியே தொப்புன்னு விழும்.

'லெவல் சேஞ்ச்'னு ஒரு பட்டன் இருக்கு. ஏறும்போது அதை அமுக்கினா இஞ்சின் முழுத் தெம்புல நின்னுக்கும். வேகத்துக்கு மூக்குதான் காவல். வேகம் குறைஞ்சா மூக்கு தானா இறங்கும், கூடினா ஏறும். ஆனா இத்தனை நிமிஷத்துல இத்தனை அடி ஏறணும்னு நீங்க அதிகாரம் பண்ண முடியாது. அதால முடிஞ்சதைத்தான் ஏறும். இறங்கும்போது அதே கதை, தலைகீழ். இஞ்சின் சும்மா ஐடில்ல கெடக்கும், மூக்கு வேகத்தைப் பிடிச்சுக்கிட்டே சறுக்கி இறங்கும். புரியுதா?

இன்னொரு பட்டன் 'வெர்டிகல் ஸ்பீட்'. பக்கத்துலயே ஒரு சின்னச் சக்கரம். அதுல நாமதான் ராஜா. நிமிஷத்துக்கு ஆயிரம் அடி ஏறுன்னு சக்கரத்தைத் திருகினா, ஆயிரம் ஏறும். மூக்கு அந்த ஆயிரத்தை மட்டும்தான் பாக்கும். வேகம் பத்தி அதுக்குக் கவலையே கிடையாது. அதை இஞ்சின் பாத்துக்கட்டும்னு விட்டுடும். தரைக்குப் பக்கத்துல காத்து கெட்டி, இஞ்சின்ல கையிருப்பு இருக்கும், சமாளிச்சுக்கும். முப்பதாயிரம் அடிக்கு மேல காத்தே மெலிசு. இஞ்சின் ஏற்கெனவே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதுகிட்ட போய் இன்னும் கொடுன்னா எங்க போகும்? மூக்கு பாட்டுக்குக் கேட்ட ஆயிரத்தைக் கொடுத்துக்கிட்டே இருக்கும். வேகம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும். காவலுக்கு ஆளே இல்லை. அந்த நேரத்துல ஆள் யாருன்னா, சீட்டுல உக்காந்திருக்கற நாமதான். நாம கண்ணை எடுக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்குப் போய் வகுப்பு எடுக்கப் போறானுங்களாம், டிரெயினிங்காம். வயித்தெரிச்சல்.

அன்னிக்கு எதிர்ல ஒரு மேகம், காலிஃபிளவர் மாதிரி குப்புன்னு கெளம்பி நின்னுச்சு. அதுக்குப் பக்கவாட்டுல நல்ல இடைவெளி இருந்துச்சு, கொஞ்சம் உயரம் கூடினா குலுங்காம போயிடலாம். லெவல் சேஞ்ச்ல வண்டி ஆடி அசைஞ்சு ஏறிக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் பொறுக்கலை. வெர்டிகல் ஸ்பீடை அமுக்கி, சக்கரத்தைத் திருகினேன். நல்லாத்தான் ஏறுச்சு.

இதுல ஒரு சட்டம் வச்சிருக்கானுங்க. பட்டனை மாத்தினா, எதிர் ஸ்கிரீன்ல மேல பச்சை எழுத்துல அந்தப் பேரு மாறும். அதை ஓட்டறவன் வாய்விட்டுப் படிக்கணும். பக்கத்துல இருக்கறவன் அதைப் பாத்துட்டு 'செக்'னு சொல்லணும். ஒவ்வொரு தடவையும்! நீங்க தேர்டு கியர் போடும்போது 'தேர்டு கியர்'னு கத்தி, நான் பின்னாடியிருந்து 'பாத்துட்டேன்'னு சொல்ற மாதிரி. சிரிப்பு வருதுல்ல? எனக்கும் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா நாம? நான் அதெல்லாம் சொல்றதில்லை. கண்ணு இருக்கறவன் பாத்துக்கட்டும்.

அதைத்தான் இப்ப முதல் குத்தமா வைக்கறாங்க. 'நீங்க மாத்தினதையே அந்தப் பொண்ணுக்குச் சொல்லலையே'ங்கறாங்க. அவளும் பைலட்டுதானே? கண்ணை வச்சுக்கிட்டு என்ன பண்றா? சரி, பாத்துட்டா, ஒத்துக்கறேன். அவளாத்தான் பாத்தா. அது வேற விஷயம்.

என்ன பாய், என்னமோ சொல்ல வந்தீங்களே? டோல்கேட்டா? ஆ, போங்க போங்க.

எங்க விட்டேன்? ம், ஏறிக்கிட்டு இருக்கோம். வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மேகத்தையும் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பொண்ணு 'ஸ்பீட்'னுச்சாம். நான் பதில் சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? எனக்குத் தெரியாதா? அப்புறம் 'ஸ்பீட், கேப்டன்'னுச்சாம். அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லலை. அவ்வளவுதான். 'ஐ ஹேவ் கன்ட்ரோல்'னு ஒரு சத்தம். பாத்தா, என் வண்டி அவ கையில! ஆட்டோபைலட்டைக் கழட்டி, மூக்கை இறக்கிட்டா. பின்னாடி டிராலி உருண்டு, யாரு மேலயோ தக்காளி ஜூஸ் கொட்டி, ஒரே களேபரம்.

அது ஒரு சட்டம் பாய். ரெண்டு தடவை சொல்லியும் பக்கத்துல இருக்கறவன் வாயைத் திறக்கலைன்னா, அவனுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு எடுத்துக்கணும். மயக்கம், மாரடைப்பு, இப்படி ஏதாவது. மூணாவது தடவை கூப்பிடறது எல்லாம் கிடையாது. வண்டியை வாங்கிக்கணும். சட்டம் நல்ல சட்டம்தான், செத்தவனுக்கு. நான் கல்லு மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். உயிரோட இருக்கறவனை மயக்கத்துல வச்சுட்டா அந்தப் பொண்ணு!

வேகம் திரும்பி வந்துச்சு, எல்லாம் சரியாப் போச்சு. நானே ரெண்டு செகண்டுல அதைத்தான் பண்ணியிருப்பேன். அப்புறம் என்கிட்ட வண்டியைக் கொடுக்கும்போது, 'கேப்டன், உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? உடம்பு நல்லாருக்கா?'ன்னு கேக்குது. கை நடுங்குது அதுக்கு. கண்ணுல தண்ணி வேற முட்டிக்கிட்டு நிக்குது. நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. 'இவ்வளவு நடுங்கற கை எதுக்கும்மா அதைத் தொடணும்?'னு கேட்டேன். அதுக்கப்புறம் ஓடுபாதையில இறங்கும்போது சொல்ல வேண்டியதை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுச்சு. இறங்கின கையோட ரிப்போர்ட்டும் எழுதிப் போட்டுடுச்சு. எழுதணும்னு சட்டமாம். எல்லாத்துக்கும் ஒரு சட்டம்.

பட்டாபின்னு ஒருத்தர், எங்க டிரெயினிங் தலைவர். என்கூடச் சேந்தவர்தான், ஒண்ணா மெஸ்ல சாப்பிட்டவங்க. நேத்து போன் பண்ணினார். 'லிங்கம், பிடிவாதம் பிடிக்காதே. காதுல விழலைன்னு சொல்லு. ஒரு விஷயத்துல மனசு மூழ்கிட்டா காது அடைச்சுக்கும், இது எல்லா மனுஷனுக்கும் நடக்கறதுதான், எனக்கும் நடந்திருக்கு. அதுக்கு வைத்தியம் இருக்கு. ஆனா காதுல விழுந்தும் பதில் சொல்லலைன்னு சொன்னே வச்சுக்கோ, அதுக்கு வைத்தியம் இல்லை. நாளைக்கு யாரு உன் பக்கத்துல உக்காருவா?'ன்னார். கெஞ்சறார் பாய், உண்மையிலேயே கெஞ்சறார். எனக்கு வந்துச்சே கோபம்! நான் என்ன செவிடா? இத்தனை வருஷமா வருஷா வருஷம் டாக்டர் காதுல மெஷினை வச்சுப் பாக்கறான், ஒரு குறை சொன்னதில்லை.

இதுல ஒரு கூத்து என்னன்னா, காக்பிட்டுல பேசறது எல்லாம் ரெக்கார்டு ஆகும். போன வாரம் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாங்க. அந்தப் பொண்ணு 'ஸ்பீட்'ங்குது. அதுக்கு மேலயே என் குரல் ஓடுது. மறுபடியும் 'ஸ்பீட், கேப்டன்'ங்குது, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாத்தான். அப்பவும் என் குரல் நிக்காம ஓடுது. பட்டாபி என் மூஞ்சியையே பாக்கறார். 'பாத்தியா, நீ பேசிக்கிட்டே இருக்கே'ங்கறார். பேசினா என்ன? பேசிக்கிட்டே கேக்க முடியாதா? வாய் வேற, காது வேற. நான் இப்ப உங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கேன், ரோட்டுல போற லாரிச் சத்தம் எனக்குக் கேக்கலையா? இதுகூடத் தெரியாதவன்லாம் டிரெயினிங் தலைவர்!

என்ன பேசிக்கிட்டு இருந்தேனா? அது ஒண்ணும் இல்லை, வீட்டு விஷயம். சொல்றேன் கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க. நீங்களும் குடும்பஸ்தர்தானே.

ஆம்பூர் வந்துடுச்சா? அதுக்குள்ளயா? பரவாயில்லையே, நல்லாத்தான் ஓட்டறீங்க.

நாங்க இருக்கறது நங்கநல்லூர்ல. கீழ நாங்க, மாடி காலி. மாடியில ஒரு ரூம்ல நான் ஒரு ஈஸிசேரைப் போட்டு வச்சிருக்கேன். ராப்பகல் பாக்காம பறக்கறவனுக்குப் பகல்ல தூங்க ஒரு இடம் வேணும். ஒரு நாள் காலையில டெல்லியிலருந்து வந்து இறங்கி, வீட்டுக்குப் போய், மாடிப்படி ஏறறேன். வாசல்ல நாப்பது ஜோடிச் செருப்பு. யாராவது போயிட்டாங்களான்னு அடிச்சுப் பிடிச்சு ஓடினேன். உள்ளே எட்டிப் பாத்தா, பிள்ளைங்க! தரையில வரிசையா உக்காந்து 'சைன் ஸ்கொயர் தீட்டா பிளஸ் காஸ் ஸ்கொயர் தீட்டா'ன்னு கத்துதுங்க. என் ஈஸிசேர்ல ஒரு வாத்தியாரு உக்காந்து மோர் குடிச்சுக்கிட்டு இருக்கான்!

கீழ ஓடி வந்து, 'பொன்மலர், என்னடி இது?'ன்னா, 'டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டுட்டேன்'ங்கறா. என்னைக் கேக்க வேணாமா? கேட்டாளாம்! 'ரெண்டு தடவை கேட்டேன். முதல் தடவை நீங்க தோசை சாப்பிட்டுக்கிட்டு அந்த கோயம்புத்தூர் ஏர்போர்ட் கதை சொல்லிக்கிட்டு இருந்தீங்க. ரெண்டாவது தடவை சட்டைக்கு பட்டன் போட்டுக்கிட்டே அதே கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நீங்க ஒண்ணும் சொல்லலை, அதனால விட்டுட்டேன்'ங்கறா. எப்படி இருக்கு பாருங்க! இவளும் அந்தப் பொண்ணும் ஒரே இடத்துல டிரெயினிங் எடுத்திருப்பாங்க போல. ரெண்டு தடவையாம், அப்புறம் வண்டி அவங்க கையிலயாம்.

இதைத்தான் அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், அந்த மேகத்துக்கிட்ட வரும்போது. ஒரு வீட்டுல புருஷன்னு ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு தோணலையே! அதான் பாய் எனக்கு ஆறலை. எனக்கு மாடி போனதுகூடப் பெரிசில்லை. நான் சொல்றதை யாரும் காதுல வாங்கறதில்லை. பொன்மலர் வாங்கறதில்லை, அந்தப் பொண்ணு வாங்கறதில்லை, பட்டாபி வாங்கறதில்லை. பொண்ணு ஒருத்தி இருக்கா எனக்கு, புனேயில. போன் பண்ணினா 'ஆமாப்பா, ம்ப்பா, வச்சுடட்டுமாப்பா'. முந்தாநாள் ஒரு மணி நேரம் பேசினேன் அவகிட்ட. கடைசியில அழறா. எதுக்கு அழறேன்னு கேட்டா, 'ஒண்ணும் இல்லைப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு போன் பண்ணினேன், பரவாயில்லை'ங்கறா. போனைப் பண்ணினா சொல்ல வேண்டியதுதானே? நான் என்ன வேணாம்னா சொன்னேன்?

ரோடு என்ன பாய் இப்படி இருக்கு? ஒரு பக்கமா இழுக்குது, டொக்கு டொக்குன்னு. டோலுக்கு மட்டும் கை நிறைய வாங்கறான், ரோட்டைப் பாருங்க. காண்டிராக்டு எடுத்தவனைப் பிடிச்சு இதுலயே தினம் போக வைக்கணும்.

அந்த டியூஷன் வாத்தியாரு இருக்கானே, அவன் ஒரு நாள் கீழ வந்து, 'சார், மத்தியானத்துல கொஞ்சம் சத்தமா பேசறீங்க, பிள்ளைங்களுக்குக் கவனம் சிதறுது'ன்னான். என் வீட்டுல! என் வீட்டுல உக்காந்துக்கிட்டு! நான் அவனை நிறுத்தி வச்சு ஒரு அரை மணி நேரம் சொன்னேன் பாருங்க. கவனம்னா என்னன்னு உனக்குத் தெரியுமாடா, நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரியுமா, ஒரே நேரத்துல பத்து விஷயத்தைப் பாக்கணும், பத்துச் சத்தத்தைக் கேக்கணும், அதுல ஒண்ணு தவறினாலும் நூத்தி எண்பது பேரு... அதெல்லாம் அவனுக்கு எங்க ஏறும்? கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னான். நான் சொன்னேன், தம்பி, கவனம்ங்கறது...

என்ன பாய்? ஏன் ஓரங்கட்டறீங்க?

ஏன் நிறுத்திட்டீங்க? மணி பாத்தீங்களா? மூணு மணிக்கு நான் அங்க இருக்கணும்னு சொன்னேனா இல்லையா? யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?

என்னையா? என்னை எப்பக் கேட்டீங்க?

ரெண்டு தடவையா?

ஆங், ஆமா ஆமா. காதுல விழுந்துச்சு, காதுல விழுந்துச்சு. டீ குடிக்கணும்னீங்க. சரி, குடிச்சுட்டு வாங்க, அதுக்கு இவ்வளவு... ஸ்ரீபெரும்புதூர்லருந்து கேட்டுக்கிட்டே வர்றீங்க. எனக்கும் ஒண்ணு சொல்லுங்க, சக்கரை கம்மியா.

டீ இல்லையா? பின்ன?

டயரா?

இருங்க, இறங்கறேன். எந்தப் பக்கம்? முன்னாடி இடது பக்கமா? தள்ளுங்க, பாக்கலாம்.

ஐயோ.

ஐயோ, பாய். இது என்ன இப்படிப் பொடச்சுக்கிட்டு நிக்குது? கம்பியே வெளிய தெரியுது. இதோட நூறுல வந்துக்கிட்டு இருந்தோமா? நீங்களாக் குறைச்சுட்டீங்களா? எப்பலருந்து? ஆம்பூர்லருந்து இழுக்குதா? அந்த டொக்கு டொக்கு... அது ரோடு இல்லையா?

நீங்க என்ன சொன்னீங்க என்கிட்ட? அப்படியே சொல்லுங்க, எனக்குத் தெரியணும். 'சார், டயர் இழுக்குது, நிறுத்திப் பாக்கட்டுமா?'ன்னு. இதே மாதிரியா? இதே சத்தத்துலயா? அப்புறம் ரெண்டாவது தடவை? இன்னும் சத்தமாவா. எவ்வளவு சத்தமா? கத்தினீங்களா? கையை வேற காட்டினீங்களா?

நான் என்ன பண்ணினேன்? பதிலே சொல்லலையா? தலையையாவது ஆட்டினேனா?

பயந்துட்டீங்களா? கை ஏன் இப்படி நடுங்குது உங்களுக்கு? இல்லை, இல்லை, நான் திட்டலை பாய். உக்காருங்க, இந்தக் கல்லுமேல உக்காருங்க கொஞ்ச நேரம். பின்னாடி தண்ணி பாட்டில் இருக்கு, எடுத்துட்டு வர்றேன். குடிங்க. நீங்க பண்ணினதுதான் சரி. நிறுத்தாம போயிருந்தா ரெண்டு பேரும் ஏதாவது லாரிக்கு அடியில கெடந்திருப்போம்.

அந்தப் பொண்ணுக்கும் இதே மாதிரிதான் நடுங்குச்சு.

ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. நீங்க கூப்பிட்டப்ப நான் என்ன பேசிக்கிட்டு இருந்தேன்? ரெண்டு தடவையும்?

டியூஷனா.

ரெண்டு தடவையும் டியூஷன்தானா.

காதுல விழல, பாய். சத்தியமாச் சொல்றேன், காதுல விழவே இல்லை. நீங்க ஒண்ணுமே பேசாம வர்றீங்கன்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இவர் நல்லாக் கேட்டுக்கறாரேன்னு எனக்கு மனசுக்குள்ள சந்தோஷம் வேற. அன்னிக்கும் எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. நல்லாத்தான் கேட்டுக்கிட்டு வருது இந்தப் பொண்ணுன்னு.

பின்னாடி நூத்தி எண்பது பேர் இருந்தாங்க பாய். எனக்கு இப்பத்தான் பயமா இருக்கு. அன்னிக்கு வரலை, இப்ப வருது. கைக்குழந்தைகூட ஒண்ணு இருந்துச்சு, ஏறும்போது பாத்தேன், மஞ்சள் குல்லா போட்டுக்கிட்டு.

ஜாக்கி எங்க இருக்கு? கொடுங்க, நான் பிடிக்கறேன். சட்டை அழுக்கானா ஆகட்டும், இன்னொண்ணு மாட்டியிருக்கே. நட்டைக் கழட்டறீங்களா? சரி, கழட்டுங்க. நான் பேசலை. நீங்க சொல்றதைச் செய்யறேன்.

ம். பிடிச்சுக்கிட்டேன்.

ஆச்சா? எல்லா நட்டும் முடுக்கியாச்சா? அஞ்சாவது? ஆ, அதுவும் ஆச்சு. ஏறுங்க. நான் முன்னாடியே உக்காந்துக்கறேன், பின்னாடி வேணாம்.

மூணு மணிக்குள்ள போக முடியாதா? பரவாயில்லை. பட்டாபிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன், அரை மணி லேட்டாகும்னு. அவர் கேப்பார், என்ன முடிவு பண்ணினேன்னு. கேக்கட்டும், கேக்கட்டும். முதல்ல நான் கேட்டுக்கறேன், அவர் என்ன சொல்றார்னு.

என்ன சொன்னீங்க பாய், இப்ப? இருங்க, இருங்க, மறுபடியும் சொல்லுங்க.

'ஸ்டெப்னியில போறோம், எண்பதைத் தாண்டக் கூடாது. கிருஷ்ணகிரியில நிறுத்தி டயர் மாத்தணும்'னு சொல்றீங்க.

ஸ்டெப்னி. எண்பதைத் தாண்டக் கூடாது. கிருஷ்ணகிரியில நிறுத்தணும். செக்.